இன்னும் வராத மெஷினுக்குப் பூட்டு மாற்றியவர்கள்

எங்கள் தொழிலில் கையில் எடுத்துக் காட்ட சரக்கு கிடையாது, சாம்பிள் கிடையாது, ஆபத்தைக் கண்ணில் காட்டவும் வழி கிடையாது. வாய் ஒன்றுதான் முதலீடு.

காப்பீட்டு ஏஜென்ட்டுகளே, வீடு வீடாகத் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின் விற்கப் போகிறவர்களே, தடுப்பூசி முகாமுக்கு ஆள் சேர்க்கிற செவிலியர்களே, இன்னும் நடக்காத ஒன்றைச் சொல்லி "ஒரு அஞ்சு நிமிஷம் கேளுங்க" என்று கெஞ்சிப் பழகிய எல்லோருமே என் கூட்டாளிகள்தான். உங்களுக்கு என் கஷ்டம் புரியும். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நாம் ஆஸ்பத்திரிக்கோ கல்லூரிக்கோ கொடுக்கிற விவரங்கள் கணினியிலிருந்து கணினிக்குப் போகும்போது ஒரு கணக்குப் பூட்டோடுதான் போகின்றன. இன்றைய கணினிகளால் அந்தக் கணக்கை அவிழ்க்க முடியாது. ஆனால் குவாண்டம் கணினி என்று ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. அது முழுசாக வளர்ந்து நின்றால் அந்தப் பூட்டுகளில் பலவற்றைத் திறந்துவிடும் என்கிறார்கள். அதனால் அந்த மெஷினாலும் திறக்க முடியாது என்று நம்பப்படுகிற புதுப் பூட்டுகளை வல்லுநர்கள் வடிவமைத்து, அவற்றைத் தரநிலையாகவும் அறிவித்துவிட்டார்கள். அறிவித்ததோடு அவர்கள் வேலை முடிந்தது. எந்த ஆபீஸில் எந்த மூலையில் எந்தப் பழைய பூட்டு தொங்குகிறது என்று தேடிக் கண்டுபிடித்து மாற்றவைக்கும் வேலை என்னைப் போன்றவர்களுக்கு வந்து சேர்ந்தது.

பாண்டிச்சேரியில் நாலு பேர் வேலை செய்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. நான் விழுப்புரத்தில் குடியிருக்கிறேன் என்பதால் விழுப்புரம், திண்டிவனம் இரண்டு பக்கமும் என் தலையில் விழுந்தன. ஸ்கூட்டரில் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு இரண்டு வருஷமாகச் சுற்றுகிறேன். துரத்தியடிப்பார்கள் என்று நினைத்துத்தான் முதல் நாள் கிளம்பினேன்.

பொட்டு வைத்த பெட்டி

வளவனூரில் ஒரு மல்லாட்டை (நிலக்கடலை) எண்ணெய் மில். முதலாளி கொள்முதலுக்காக ஊர் ஊராகப் போய்விடுவார். மில், ஆட்கள், ஆபீஸ் எல்லாவற்றையும் நடத்துவது அவர் மனைவி கஸ்தூரி. எங்கள் வேலையில் முதல் படி கணக்கெடுப்பு: வெளியுலகத்தோடு பேசுகிற பொருள்கள் எவை எவை என்று பட்டியல் போட வேண்டும். நான் ஒரு மணி நேரம் சுற்றிவந்து, ஆபீஸ் கணினி, கேமரா பெட்டி, வருகைப் பதிவு மெஷின், எடை மேடைக் கணினி, இன்டர்நெட் பெட்டி என்று ஐந்தைப் பெருமையாகப் படித்துக் காட்டினேன். கஸ்தூரி பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்து, "அவ்ளோதானா மேடம்?" என்றார். "ஆயுத பூஜைக்கு நான் கைப்படப் பொட்டு வைக்கிற ஜாமான் இதவிட எவ்ளோவோ இருக்குது. வாங்க, அந்த வழியாவே ஒரு சுத்து போயிட்டு வந்துடலாம்."

பூஜையன்று எப்படிப் போவாரோ அதே வரிசையில் போனார். கேட், எடை மேடை, செக்கு, வடிகட்டுகிற மெஷின். கடைசியில் மோட்டார் ஸ்விட்சுகள் இருக்கிற பெரிய இரும்பு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுக் காட்டினார். உள்ளங்கை அகலத்தில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று. அதன்மேல் காய்ந்துபோன சந்தனமும் குங்குமமும். ஓரத்தில் ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. செக்கை விற்ற கம்பெனிக்காரர்கள், ரிப்பேர் வந்தால் தங்கள் ஊரிலிருந்தே பார்த்துச் சரிசெய்ய வைத்துவிட்டுப் போன பெட்டி அது. அந்தக் கம்பெனியை மூடியே பல காலம் ஆகிவிட்டது. பெட்டி மட்டும் மிகப் பழைய பூட்டோடு வெளியே வழிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அதைத் திறக்கத் தெரிந்தவன் எங்கிருந்து வேண்டுமானாலும் செக்கை ஓட்டலாம், நிறுத்தலாம். பத்தடி தள்ளி ஒரு பெண், நிறுத்தி வைத்திருந்த செக்குக்குள் கையை விட்டுப் பிண்ணாக்கை வழித்துக்கொண்டிருந்தார். அந்த நிமிஷமே ஒயரைப் பிடுங்கினோம். இது என்ன பெட்டி என்று தெரிந்தா இத்தனை வருஷம் பொட்டு வைத்தீர்கள் என்று கேட்டேன்.

"இன்னாதுன்னு தெரியாது மேடம். லைட்டு எரிஞ்சிக்கினு இருக்குது, அப்ப ஏதோ வேலை செய்யுதுன்னுதான அர்த்தம். வேலை செய்யறதுக்கெல்லாம் வச்சிடுவேன்."

எத்தனை வருஷம்

திண்டிவனத்தில் குழந்தையில்லாதவர்களுக்கு வைத்தியம் பார்க்கிற மருத்துவமனை ஒன்று. டாக்டரம்மா என் பேச்சைப் பத்து நிமிஷம் கேட்டுவிட்டு, "செல்வி சரின்னா எனக்கும் சரி" என்று அனுப்பிவிட்டார். செல்வி அங்கே பதிவேடுகளைப் பார்க்கிறவர். ஐம்பது வயதிருக்கும். காகித ஃபைல் காலத்திலிருந்து அங்கேயே இருக்கிறார். அவரிடம் விளக்கினேன். திருடுகிறவன் பூட்டைத் திறக்கத் தெரியும்வரை காத்திருக்க மாட்டான். பூட்டிய தகவலை இன்றைக்கே நகல் எடுத்து வைத்துக்கொள்வான். அந்தக் குவாண்டம் மெஷின் வந்ததும் நிதானமாகத் திறப்பான். ஆகவே எந்தத் தகவல் எத்தனை வருஷம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் எதை முதலில் மாற்றுவது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கு என் படிவத்தில் ஒரு கட்டம் உண்டு. மற்ற இடங்களில் கேட்ட வேகத்தில் ஐந்து, ஏழு என்று சொல்லி முடித்துவிடுவார்கள்.

செல்வி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இந்த ஊரிலும் சுற்றுப்பட்டிலும் தானமாகப் பெற்ற கருமுட்டையால் பிறந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், அது பெற்றவர்களுக்கும் டாக்டருக்கும் தனக்கும் மட்டும் தெரியும் என்றார். பேருந்து நிலையத்தில், கோயில் திருவிழாவில் அந்தத் தாய்மார்களைப் பார்ப்பாராம். அவர்கள் இவரைக் கண்டதும் ஒரு நொடி முகம் வெளுப்பார்களாம். "நான் அவங்கள முன்ன பின்ன பாத்ததே இல்லன்னு போயிக்கினே இருப்பேன். பிள்ளய ஆசையா ஒரு வாட்டி திரும்பிப் பாக்கணும்னு இருக்கும். பாக்க மாட்டேன்." இருபது வருஷமாக ஒரு மனுஷி தெருவில் நடக்கும்போதுகூடக் காப்பாற்றி வருகிற ரகசியத்தை, நான் ஒரு கட்டத்தில் எண் போட்டு நிரப்பப் பார்த்திருக்கிறேன். மற்ற எல்லா இடத்தையும் தள்ளிவைத்து, அந்த மருத்துவமனையின் வேலையை முதலில் எடுத்தோம். ஒன்று உடைந்தாலும் மற்றது நிற்கட்டும் என்று புதுப் பூட்டையும் பழைய பூட்டையும் சேர்த்தே போட்டோம். அன்றைக்கு அந்தக் கட்டத்தில் என்ன எழுதட்டும் என்று நான் தயங்கிக் கேட்டதற்கு அவர் சொன்னது:

"ஒரு பாப்பா இப்பதான் எல்.கே.ஜி. போவுது. அது வளந்து, கல்யாணம் கட்டி, கெழவி ஆவற வரைக்கும், அவங்க அம்மா அப்பா சொன்னாத்தான் அதுக்குத் தெரியணும், வேற யார் வாயாலயும் தெரியக் கூடாது. அதுக்கு எவ்ளோ போடணுமோ நீங்களே போட்டுக்குங்க மேடம்."

நினைவூட்டல்

பெரும்பாலான இடங்களில் மென்பொருள் வெளியிலிருந்து வாங்கியதாக இருக்கும். அதன் பூட்டை விற்றவர்தான் மாற்ற முடியும். எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டால் "எங்கள் மென்பொருள் முழுப் பாதுகாப்பானது" என்று ஒரு வரி வரும். அதோடு சரி. விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரிக்காக நான் நாலு மின்னஞ்சல் போட்டு ஓய்ந்திருந்தேன். மாணவர்களின் சாதிச் சான்றிதழ், குடும்ப வருமானம், மருத்துவச் சான்று எல்லாம் அந்த மென்பொருளில் இருந்தன. கல்லூரி ஆபீஸ் சூப்பிரண்டெண்ட் கோவிந்தசாமி, அரசு அலுவலகம் ஒன்றில் ஓய்வு பெற்று இங்கே வந்தவர். என் மின்னஞ்சல்களைப் படித்துவிட்டு, "இதுல கெஞ்சல் ஜாஸ்தியா இருக்குது மேடம். லெட்டர் போடலாம்" என்றார்.

பொருள், பார்வை எல்லாம் போட்டு, அ, ஆ, இ என்று மூன்றே கேள்விகளோடு பதிவுத் தபால் போயிற்று. பதிலுக்குப் பளபளப்பான ஒரு விளம்பரப் புத்தகம் வந்தது. அவர் முகம் மாறாமல் அதை ஃபைலில் சேர்த்துவிட்டு, "தங்கள் பதிலில் வினா ஆ-வுக்கு விடை காணப்படவில்லை" என்று எழுதினார். பிறகு நினைவூட்டல் ஒன்று. நினைவூட்டல் இரண்டு. ஒவ்வொன்றிலும் முந்தைய கடிதங்கள் எல்லாம் தேதியோடு பார்வையில் ஏறிக்கொண்டே போயின. ஐந்தாவது நினைவூட்டலில் விஷயத்தைவிடப் பார்வை நீளமாக இருந்தது. அது போய்ச் சேர்ந்த வாரம் மென்பொருள் கம்பெனியின் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டு, "அந்த சாரை நிறுத்தச் சொல்லுங்க மேடம், தேதியை எழுத்துலயே குடுத்துடறோம்" என்றார். கொடுத்தார்கள். சொன்ன தேதிக்கு மாற்றியும் விட்டார்கள். அதே மென்பொருளை வாங்கியிருந்த மற்ற கல்லூரிகளுக்கும் பூட்டு மாறியது. யாரால் மாறியது என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட உங்களுக்குக் கோபம் வரவில்லையா சார் என்று கேட்டேன்.

"கோபப்பட்டா ஒரு வாட்டிதான் மேடம் கத்த முடியும். நினைவூட்டல் எத்தன வேணாலும் போடலாம்."

குளிர் அறையில் ஒரு காலை

இது என் தப்பு. மறைக்காமல் எழுதுகிறேன்.

மரக்காணம் பக்கத்தில் மீனும் இறாலும் உறையவைத்து வெளியூருக்கு அனுப்புகிற குளிர்க் கிடங்கு ஒன்று. கிடங்கின் குளிர் எவ்வளவு என்ற அளவு, சில நிமிஷங்களுக்கு ஒருமுறை சென்னையில் இருக்கிற வாங்குபவருக்குத் தானாகப் போய்க்கொண்டே இருக்கும். அளவு வருவது நின்றால் அந்தச் சரக்கை அவர்கள் எடுக்க மாட்டார்கள். நான் காலையில் போய், அளவை அனுப்புகிற கணினியில் புதுப் பூட்டைப் போட்டேன். புதுப் பூட்டின் சாவி பழையதைவிடப் பருமன். சில பழைய இன்டர்நெட் பெட்டிகள் அவ்வளவு பெரிதாக ஒன்று வந்தால் வழிவிடாமல் கீழே போட்டுவிடும். அந்தக் கிடங்கில் அப்படியொரு பழைய பெட்டி நடுவில் இருந்ததை நான் சோதிக்கவில்லை. அரை மணியில் சென்னையிலிருந்து போன் வந்தது. உள்ளே இருந்தது இருபத்துச் சொச்சம் படகுக்காரர்களின் இறால். எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை என்றே மறந்துபோய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன்.

கிடங்கைப் பார்த்துக்கொள்கிற அஞ்சலை, கடலுக்குப் போகிற குடும்பத்துப் பெண். அவர் முதலில் கதவை யாரும் திறக்கக் கூடாது என்று சொல்லிச் சங்கிலி போட்டார். பிறகு ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டார். கால் மணிக்கு ஒருமுறை கதவுக்கு வெளியே இருக்கிற மீட்டரைப் பார்த்து அளவை எழுதி, மீட்டரும் பக்கத்துச் சுவர்க் கடிகாரமும் சேர்ந்து தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, சென்னைக்குப் போனில் அனுப்பினார். புயல் நாட்களில் இப்படித்தான் செய்வாராம். அவர் அனுப்ப அனுப்ப அந்தப் பக்கத்துக் குரல் சாந்தமாகிவிட்டது. எனக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று; கடைசியில் புத்தி வந்து, காலையில் மாற்றியதைத் திருப்பிப் பழையபடி வைத்தேன். அளவு போக ஆரம்பித்தது. அஞ்சலையின் நோட்டை ஏற்றுக்கொண்டு சரக்கையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பழைய பெட்டியை மாற்றிவிட்டு அடுத்த வாரம் போய்ப் புதுப் பூட்டைப் போட்டேன். தப்பு நடந்த அன்றைக்கே மன்னிப்புக் கேட்கப் போனபோது அஞ்சலை எனக்கு ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"கதவத் தெறக்காம இருந்தா சாயங்காலம் வரைக்கும் எறா அப்படியே கெடக்கும் மேடம். அதுக்குள்ள நீங்க உருகிப் பூடுவீங்களோன்னுதான் எனக்கு பேஜாரா இருந்துச்சி."

கல்யாணப் பத்திரிகை வந்த நாள்

விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் சுந்தரமூர்த்தி என்பவர் நடத்துகிற திருமணத் தகவல் மையம். ஜாதகம், சம்பளச் சான்று, முதல் கல்யாணம் முறிந்த கதை, யாருக்கு என்ன வியாதி என்று ஊரின் பாதி ரகசியம் அங்கேதான் இருக்கும் என்று நினைத்துப் போனேன். கணினியில் இப்போது வரன் தேடுகிறவர்களின் விவரம் மட்டும்தான் இருந்தது. பழையது எங்கே சார் என்றேன். கல்யாணப் பத்திரிகையை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்து கையில் கொடுக்கிற அன்றைக்கே, அவர்களை எதிரில் உட்காரவைத்து இரண்டு பக்க விவரத்தையும் அழித்துவிடுவாராம். நம்பாமல் நகல்கள் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. தேவையில்லாததை வைத்துக்கொள்ளாதீர்கள் என்று பெரிய பெரிய கம்பெனிகளிடம் படம் போட்டு விளக்கியும் நான் தோற்றுப்போன பாடம் இது. உங்களுக்கு இதை யார் சார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன்.

"சொல்றதுக்கு இன்னா இருக்குது? அடுத்தவன் பொண்டாட்டி ஆயிட்ட பொண்ணு போட்டோ எனக்கு எதுக்கு மேடம்?"

ஒலக்கூர் கூட்டம்

ஒலக்கூர் பக்கம் விவசாயிகள் சேர்ந்து நடத்துகிற ஒரு கம்பெனி. உறுப்பினர்களின் பட்டா நகல், கைரேகை, யார் நிலம் எதில் சிக்கியிருக்கிறது என்ற விவரம் எல்லாம் அதன் கணினியில் இருந்தன. பொதுக்குழுவில் பதினைந்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். நானும் பேசினேன். ஆண்கள் பக்கம் ஒருவர் தூங்கிவிட்டார். பெண்கள் பக்கம், கேப்பையும் மல்லாட்டையும் பயிர் வைக்கிற தனலட்சுமி என்கிற இயக்குநர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் எழுந்து, "பூட்ட மாத்தியாச்சின்னு வெச்சிக்குங்க. அதுக்கு முன்னால எவனாச்சும் நகல் எடுத்து வெச்சிருந்தான்னா, அது இன்னா ஆவும்?" என்று கேட்டார்.

படித்தவர்கள் நிறைந்த அறைகளில்கூட இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சமாளிக்கிற மாதிரி நாலு வாக்கியம் என் வாயில் தயாராக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. "அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாதுங்க அக்கா. போனது போனதுதான். இனிமே போறதத்தான் காப்பாத்தலாம்" என்றேன். கூட்டத்தில் சலசலப்பு. தலைவர் வேலையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்கலாம் என்று ஆரம்பித்தார். தனலட்சுமி உட்காரவில்லை. அப்படியானால் தள்ளிவைக்கிற ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் போகும் என்றுதானே அர்த்தம், கைரேகையை மாற்றிக்கொள்ள யாருக்காவது வேறு விரல் இருக்கிறதா என்று கேட்டார். தூங்கியவர் உட்பட எல்லோரும் கை தூக்கினார்கள். அன்றே தீர்மானம் எழுதி, மறுநாள் காலையில் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டார்கள். சந்தோஷத்தில் நான் லேப்டாப்பை மூடிக்கொண்டிருந்தபோது தனலட்சுமி பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"உண்மையச் சொன்னீங்க, அது போதும். ஆனா இத்த நீங்க போன வருசமே வந்து சொல்லியிருக்கணும் தங்கச்சி."

இரண்டு வருஷ அனுபவத்தைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், ஏற்கெனவே ஜாக்கிரதையாக இருக்கிறவர்களைத் தேடித்தேடிப் போய் ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு, எனக்குத் தெரியாததைத் தெரிந்துகொண்டு வீடு திரும்புவதற்கு ஒரு கம்பெனி எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்து வருகிறது.